நடுங்கிய எண்

மருந்துகளுக்கு மதிப்புப் போடும் கருவியின் திரையில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த 0.47 நடுங்கியது. திரை ஆடவில்லை, மேசை ஆடவில்லை. எண் மட்டும் குளிரில் நிற்கிற ஆளைப்போல நின்ற இடத்திலேயே வெடவெடத்தது. காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் யாரும் பதறவில்லை. ஆஸ்துமா மருந்தின் எண் மூச்சிரைத்ததையும், அரிப்பு மருந்தின் எண் திரையின் ஓரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டதையும் ஏழு வருடமாகப் பார்த்தவர்கள். ஒவ்வொரு முறையும் கருவியை விற்ற நிறுவனத்தின் இன்ஜினியர் வந்து, கேபிளைக் கழற்றி மாட்டி, "இது பழுது இல்ல சார், வசதி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கருவியை இயக்குகிறவளுக்குத் தசமம் என்று பெயர் வைத்திருந்தார்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாமல் அவள் எதையும் சொன்னதில்லை. அவள் கணவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அன்று மதிப்புப் போட வந்த மாத்திரைதான் அவரை மறுபடி திருகாணி பிடிக்க வைத்தது. 0.50தான் கோடு; எண் அதற்குக் கீழே வந்தால் அலுவலகம் அதைக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். கைக்காசு போட்டு வாங்கக்கூடிய மாத்திரை அல்ல அது. காலையில் அவள் செருப்பு மாட்டும்போது அவர், "பயப்படாம போ. அங்க உன் கை நடுங்கினா வீட்டுல ரெண்டு பேராயிடுவோம்" என்றார்.

கணவர் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் என்பதை அவள் விதிப்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாள். ஆகையால் விசையை அழுத்தலாம், கேட்டதற்குப் பதில் சொல்லலாம், கருத்து மட்டும் கூடாது.

பட்டியலை முடிவு செய்யும் குழுவின் தலைவருக்குப் பெயர்ப்பலகையில் பட்டங்களே இரண்டு வரி. "நடுங்கினாலும் பாயின்ட் நாப்பத்தேழு, பாயின்ட் நாப்பத்தேழுதானே? எழுதுய்யா" என்றார்.

குறிப்பெழுதுகிறவர் மூன்று தாளைக் கசக்கிப் போட்டார். "முடியல சார். எழுதினா தாள்லயும் ஆடுது."

மூச்சிரைக்கிற எண்ணை எழுதிக்கொள்ளலாம். ஆடுகிற எண்ணை எப்படி எழுதுவது? தலைவர் தசமத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா இப்படி?"

"அதுக்கு இன்னும் மருந்து குடுக்கல சார்."

விஷயம் இதுதான். கருவியை இரண்டு முறை ஓட்ட வேண்டும்: மருந்தில்லாமல் ஒருமுறை, மருந்தோடு ஒருமுறை. முதலாவதற்கு மூன்று நிமிடம், இரண்டாவதற்கு நாற்பது. மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று, ஏழு வருடமாக இரண்டாவதை ஓட்டாமல், மருந்துக் கம்பெனியின் கையேடு சொல்கிற பலனில் பாதியைக் கருவியில் போட்டுக் கணக்கை முடித்துவந்தார்கள். இதற்கு 'விரைவு முறை' என்று தலைவர் ஒரு மாநாட்டில் கட்டுரையே வாசித்திருந்தார்.

"அப்ப குடும்மா, அதையும்தான் பாத்துடுவோம்" என்றார், மணியைப் பார்த்தபடி.

அவள் திரையில் 'மருந்தோடு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இருபதாவது நிமிடம் 4 அடங்கியது. 7 மட்டும் ஒற்றைக்காலில் தத்தளித்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை. அழைத்ததும் வந்திருந்த இன்ஜினியர்கூட கேபிளைத் தொடவில்லை. முப்பத்தெட்டாவது நிமிடம் 7 காலை ஊன்றியது. திரையில் 0.47, அசையாமல்.

"ஏறலையே சார்" என்றார் குறிப்பெழுதுகிறவர். தசமம் தரையைப் பார்த்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் பார்த்தார். "ஏறல. ஆனா நிக்குதுல்ல? கோட்டை நாப்பத்தேழுல போடு."

"காரணம் என்னன்னு எழுத?"

"எண் நின்னுச்சுன்னு எழுதுய்யா. வேற என்ன காரணம் வேணும்?"

சாயங்காலம் கடிகாரக்காரர் மாத்திரை பட்டியலில் தங்கிய சேதி கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வெறும் நாப்பத்தேழா? எனக்கு எழுபதாவது தேறும்னு நெனச்சேன்." அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைமை அலுவலகம் அந்தக் குறிப்பைப் படித்து முத்திரை குத்தி அனுப்பியது. விரைவு முறை அதோடு போயிற்று. இப்போது எல்லா மருந்துக்கும் முழுநேரம் உட்காருகிறார்கள். சளி மருந்து வரும் நாளில், எண்ணுக்குத் தும்மல் நிற்கும்வரை யாரும் சாப்பாட்டுக்கு எழுவதில்லை.