வளையத்தில் கோத்த அட்டைகள்

ஒன்பது வருடம் கண் வார்டில் குப்பை கொட்டியவள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றல் வாங்கி வந்தால் அங்கிருப்பவர்கள் சும்மா விடுவார்களா? வந்த அன்றே 'சொட்டு மருந்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் மின்னல். கை வேகத்திலும் வாய் வேகத்திலும் ஆளை மிஞ்ச முடியாது என்பதால் அந்த ஆண் நர்ஸுக்கு அப்படியொரு பட்டம்.

அவள் அசரவில்லை. மூன்று தடவை மனுப் போட்டு வாங்கிய மாற்றல். கண் வார்டுக்கு எல்லோரும் நடந்து வந்து நடந்து போவார்கள். தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்கள் நடந்து போவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு மாதம் கொடுத்திருந்தார். தேறினால் இங்கே, இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய இடம்.

மருந்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் மின்னல் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எதற்கு எந்த மருந்து, எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாமே ஆம்பூல் என்கிற கண்ணாடி மருந்துக் குப்பிக் கணக்கு: ஒன்று, அரை, கால். புதிதாக வருகிறவர்கள் அதை மனப்பாடம் செய்தால் போதும்.

"மில்லிகிராம் பாத்துட்டு நின்னா ஆள் போய்ச் சேந்துடுவான்" என்பது மின்னலின் கட்சி.

அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அரை மூட்டை வேண்டும் என்கிறவனிடம் மூட்டை எத்தனை கிலோ என்று கேட்காத கடைக்காரன் உண்டா? டாக்டர்களின் புத்தகத்தைப் பார்த்து, உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று உள்ளங்கை அளவு அட்டைகளில் எழுதினாள். தையல்காரரான கணவர் இருபுறமும் டேப் ஒட்டி, ஓட்டை போட்டு, திரைச்சீலை வளையம் ஒன்றில் கோத்துக் கொடுத்தார். பொத்தான் தைத்தபடியே கேள்வியும் கேட்பார்.

"பத்து கிலோ குழந்தை, வலிப்பு. சொல்லு பாப்போம்."

"ரெண்டு மில்லிகிராம்."

"தப்பு."

"எது தப்பு?"

"தெரியாது. நீ தயங்குறியான்னு பாத்தேன்."

போன வாரம்தான் வினை வந்தது. ஒரு நோயாளியின் மைத்துனர் நேரே இன்சார்ஜ் மேசைக்குப் போய், "அந்தம்மா பிட்டுப் பாத்து ஊசி போடுது" என்று புகார் சொல்லிவிட்டார்.

"இனிமே வீட்டுக்காரங்க முன்னாடி அந்தக் கொத்தை எடுத்தே, அன்னிக்கே கண் வார்டுதான். புரியுதா?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

"புரியுது சிஸ்டர்."

மாதத்தின் கடைசி நாள், காலை பத்து மணி. ஒரு தகப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். மூன்று வயசு இருக்கும். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரம்மா குழந்தையின் தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சைக் கவனித்தார். மின்னல் குழந்தையின் கையில் ஊசிக்குழாயை ஏற்றினான். எடைக் கட்டில் பன்னிரண்டரை கிலோ காட்டியது.

"சிஸ்டர், வலிப்பு மருந்து. அரை ஆம்பூல்!" என்றார் டாக்டரம்மா தலை நிமிராமல்.

அவள் அலமாரியைத் திறந்து ஆம்பூலை எடுத்தாள். அதே பழுப்புக் கண்ணாடி, அதே நீலக் கோடு. ஆனால் பெட்டி புதுசு, நேற்று வந்த சரக்கு. கண் வார்டில் பொடி எழுத்து படித்துப் பழகிய கண் சட்டென்று நின்றது. எப்போதும் ஐந்து மில்லிகிராம் என்று இருக்கும் இடத்தில், மூன்று மில்லியில் பதினைந்து.

அவள் கை பாக்கெட்டுக்குப் போனது. கட்டிலின் அந்தப் பக்கம் இன்சார்ஜ் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவரையும் பார்த்தாள், வளையத்தையும் வெளியே எடுத்தாள்.

"ஏம்மா, புள்ள துடிக்குது, நீங்க என்ன படிச்சிட்டிருக்கீங்க!" என்று தகப்பன் கத்தினார்.

"உங்க புள்ளைக்குத்தாங்க படிக்கிறேன்." பிறகு டாக்டரம்மாவிடம், குரலை உயர்த்தி: "டாக்டர், ஆம்பூல் மாறியிருக்கு. இதுல மூணு மடங்கு மருந்து. குழந்தைக்கு வேண்டியது ரெண்டரை மில்லிகிராம். அரை மில்லிதான் எடுக்கிறேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். ஆம்பூலைக் கண்ணெதிரே நீட்டினாள். அவர் ஒரு நொடி படித்துவிட்டு, "ரெண்டரை. போடுங்க" என்றார்.

போட்டாள். குழந்தையின் முஷ்டி முதலில் தளர்ந்தது, பிறகு முழங்கால். ஓரிரு நிமிடத்தில் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது.

குழந்தையை மேல்மாடிக்கு அனுப்பிய பிறகு இன்சார்ஜ் சிஸ்டர் கூப்பிட்டார்.

"எடுக்காதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க சிஸ்டர். நாளைக்கும் எடுப்பேன். அனுப்பறதா இருந்தா இப்பவே அனுப்பிடுங்க. ஆனா போறதுக்கு முன்னாடி அந்தக் கதவுத் தாளைக் கிழிச்சிட்டுத்தான் போவேன்."

இன்சார்ஜ் சிஸ்டர் பேனாவை எடுத்து அடுத்த மாத டியூட்டி அட்டவணையை இழுத்தார். மின்னலின் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினார்.

"கிழி. வெறுங்கதவா விடாதே, அதுக்குப் பதிலா ஒண்ணு எழுதி ஒட்டு. மில்லிகிராம்ல."

ஆனால் அலமாரிக்குப் போனபோது தாளைக் காணோம். மின்னல் அதை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, அந்தக் கொத்தைக் கொஞ்சம் குடேன். எழுதிக்கிறேன்."

"சொட்டு மருந்துக்கிட்டயா கேக்கறே?"

"பேரை வாபஸ் வாங்கிக்கிட்டேன்."

"ஒரு வாரம் அந்தப் பேரைச் சொல்லாம இருந்து காட்டு, அப்புறம் பாக்கலாம்."

"மூணு நாள்?"

"அஞ்சு. அதுக்கு மேல குறையாது."

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினோராவதில் விரல் நின்றது. வந்த முதல் வாரம் அவசரத்தில் கதவுத் தாளைப் பார்த்து எழுதியது. 'ஒரு ஆம்பூல்' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

மின்னல் பார்க்கிறானா என்று நிமிர்ந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"என்னுதுலயும் ஒண்ணு இருக்கு" என்று அட்டையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு டேப்பை உரித்துவிட்டு, அந்த வரியை அடித்து எழுதத் தொடங்கினாள்.