விளிம்பு உடைந்த சிலிண்டர்

கொடிகாமத்தில் இராசநாயகத்தை மாட்டு டொக்குத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவன் டொக்டர் இல்லை. மிருக வைத்தியக் கந்தோரில் ஊசி போடவும் கன்று எடுக்கவும் பழகிய உத்தியோகத்தன். ஆனால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் தென்மராட்சியின் பாதி மாடுகளுக்கு அவனை விட்டால் ஆளில்லை. அந்த மாடுகளோ தார் றோட்டில் நிற்பதில்லை. வயல் வரம்பையும் பனங்கூடலையும் முழங்கால் புதையும் மணல் ஒழுங்கையையும் தாண்டித்தான் அவற்றிடம் போகவேண்டும். அதற்காகவே கந்தோர் அவனுக்கு ஒரு டிறெயில் மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருந்தது. உயர்ந்த மட்காட்டும் கட்டை ரயருமாக, பழைய ரூ ஸ்ரோக் வண்டி.

சண்டையால் பெற்றோல் வராத காலம். வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெய் குடித்தன. எண்ணெயோடு கலந்து ஓடுகிற எஞ்சினுக்கு அதற்குரிய எண்ணெயும் இல்லை. சனம் தேங்காயெண்ணெயை ஊற்றியது. புகை போகிற இடமெல்லாம் வடை சுடுகிற மணம் வந்தது. பலருடைய வண்டி அப்படியே பிஸ்டன் இறுகிச் செத்தது. இராசநாயகம் மட்டும் தன் வண்டியைக் கைக்குழந்தைபோல வைத்திருந்தான். மண்ணெண்ணெயை வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிப்பான். எங்கேயாவது நல்ல எண்ணெய் ஒரு போத்தல் கிடைத்தால் மருந்துபோல அளந்து கலப்பான். காலையில் பிளக்கைக் கழற்றி, மாட்டுக்கு ஊசி போடுகிற பழைய சிறிஞ்சால், பதுக்கி வைத்த பெற்றோலில் நாலு துளி விட்டுத்தான் உதைப்பான். முதல் உதையிலேயே பற்றும்.

இந்த வேலையில் அவனுக்குக் கூட்டாளி சோமசேகரம். இரண்டு வளவு தள்ளி வீடு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். இராசநாயகத்தின் கலியாணத்தில் தோழனாக நின்றவனும் அவன்தான். கந்தோர் அதே வகை வண்டி ஒன்றை ஏலத்தில் விட்டபோது இராசநாயகம் முன்னின்று சோமுவுக்கு எடுத்துக் கொடுத்திருந்தான். கிளாலிக் கரையில் வள்ளம் ஏறிக் கடல் நீரேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போகிற சனத்தை, பின்னேரங்களில் சோமு அந்த வண்டியில் கரைவரைக்கும் ஏற்றிப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வண்டியும் இராசநாயகம் வீட்டு மாமரத்தின் கீழ் வந்து நிற்கும். பழைய சாக்கை விரித்து இருவரும் குந்திவிடுவார்கள். குணலட்சுமி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "மாடும் வேண்டாம், மனிசியும் வேண்டாம், உந்தக் கரிச்சட்டி இருந்தால் காணும்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

சித்திரையில் இராசநாயகத்துக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மாதக் கணக்கில் படுத்த படுக்கை. வண்டி சும்மா நின்றால் துரு ஏறும் என்று சோமுதான் எடுத்துப்போனான். இராசநாயகம் எழுந்து நடமாடத் தொடங்கியபோது கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டான்.

"கழற்றிக் கரியெல்லாம் சுரண்டி விட்டிருக்கிறன் மச்சான். உன்ரை றிங் எல்லாம் புதுசு மாதிரிக் கிடக்கு. இனி ஒரு வருசத்துக்கு நீ திறக்கத் தேவையில்லை."

இராசநாயகத்துக்குக் கண் கலங்கியது. காய்ச்சலில் மெலிந்திருந்ததால் என்று சொல்லிச் சமாளித்தான்.

ஆனால் வண்டி பழைய வண்டியாக இல்லை. உதைத்தால் கிக்கர் எதிர்த்துத் தள்ளாமல் சோற்றுக் கஞ்சிக்குள் கால் வைத்ததுபோல் இறங்கியது. பத்துத் தரம் உதைத்தால் ஒருதரம் பற்றியது. மணலில் இழுக்க மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை சோமு வந்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தது.

"கரி பிடிச்ச பிளக். வேறை ஒண்டுமில்லை," என்றான் சோமு. அரத்தாளால் தேய்த்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு கொயிலைச் சந்தேகித்தார்கள். அடுத்தது காபரேற்றர். ஜெற்றின் துளையை விளக்குமாற்று ஈர்க்கால் குத்தினார்கள். பிறகு சைலன்சரை விறகு நெருப்பில் போட்டுச் சிவக்கச் சுட்டுக் கரியைத் தட்டினார்கள். ஒவ்வொரு முறையும் சோமுதான் "இப்ப பாரன், பறக்கும்" என்பான். ஒவ்வொரு முறையும் வண்டி இருமிக்கொண்டு நின்றது.

"சிலிண்டரை ஒருக்காத் திறந்து பாப்பமே?" என்று இராசநாயகம் கேட்டான்.

"உனக்கென்ன விசரே? நான் இப்பத்தானே திறந்து மூடினனான். திரும்பத் திறந்தால் பக்கிங் கிழியும். புதுப் பக்கிங்குக்கு எங்கை போறது?" என்றான் சோமு. அது சரியான கதைதான். இராசநாயகம் விட்டுவிட்டான்.

சோமுவின் வண்டியோ நாளுக்கு நாள் நன்றாக ஓடியது. ஒழுங்கை முகப்பில் திரும்பும்போதே சத்தம் கணீரென்று கேட்கும். வேகத்தைக் கூட்டினால் தும்பி பறக்கிற மாதிரி ஒரே சுருதி. "உன்ரை வண்டிக்கு என்னடா குடுக்கிறாய்?" என்று இராசநாயகம் ஆசையோடு கேட்பான். சோமு சிரிப்பான். பின்னால் இருக்கிற சனத்தின் கால் சுடுகிறதென்று எஞ்சினின் ஒரு பக்கத்தில் பிஸ்கற் தகரத்தை வெட்டி மறைப்பாகப் பூட்டியிருந்தான். அதையும் இராசநாயகம் மெச்சினான்.

ஆவணி மாதம் ஒரு பின்னேரம் எழுதுமட்டுவாளிலிருந்து ஆள் வந்தது. கமலாவதியின் மாடு காலையிலிருந்து முக்குகிறது, கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிகிறது. கமலாவதி புருசனை இழந்தவள். அந்த ஒரு மாட்டின் பாலில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. மற்றக் கால் உள்ளே மடிந்து கிடக்கிறதென்று இராசநாயகத்துக்குக் கேட்டவுடனேயே விளங்கியது. கையை விட்டு நிமிர்த்தினால் சரி. கெதியாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

வண்டி மிருசுவில் வரைக்கும் முனகி முனகிப் போனது. மணல் ஒழுங்கையில் இறங்கியதும் செத்தது. பிளக்கைக் கழற்றினான், துடைத்தான், பெற்றோல் விட்டான், உதைத்தான். கால் சோர்ந்தபின் தள்ளத் தொடங்கினான். காய்ச்சல் கிடந்த உடம்பு. இருபது முழம் தள்ளினால் மூச்சு வாங்கியது.

அப்போதுதான் பின்னால் அந்தக் கணீர்ச் சத்தம். சோமு, பின்னால் ஒரு கிழவரும் ஒரு பெட்டியும். இராசநாயகம் கையைக் காட்டினான். சோமு நின்றான்.

"மச்சான், கமலாவதியக்காவின்ரை மாடு. உவரை இதிலை இறக்கிப்போட்டு என்னை ஒருக்கா அதிலை விடு. பேந்து வந்து ஏத்து."

சோமு அவனைப் பார்க்காமல் வண்டியின் மீற்றரைப் பார்த்தான். "வள்ளம் போயிடுமடா. ஐயா அவசரமாப் போறார். நான் திரும்பி வரேக்கை ஏத்திறன்." கிளட்ச்சை விட்டான். வண்டி ஒரு வழுக்கல்கூட இல்லாமல் மணலைக் கிழித்துக்கொண்டு போனது. இராசநாயகத்துக்கு மனம் நொந்தது. ஆனாலும் அவனுடைய பிழைப்பு அது, கிழவருக்கும் அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வண்டியை வேலியில் சாத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மிச்ச வழியை ஓடியும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது கன்று உள்ளேயே செத்திருந்தது. அதை எடுத்தான். மாடு எழும்பவில்லை. கமலாவதி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் தம்பி," என்று மட்டும் சொன்னாள். விடியமுன் மாடும் போய்விட்டது.

அந்த ஞாயிறு சோமு சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தான். இராசநாயகம் வேலியிலிருந்து தள்ளி வந்த வண்டியோடு தனியாகச் சாக்கை விரித்தான். பக்கிங் கிழிந்தால் கிழியட்டும். பழைய கலண்டர் மட்டையில் வெட்டிப் போடலாம். எஞ்சினின் தலையைக் கழற்றிச் சிலிண்டரை மெல்ல உருவினான். உள்ளே விரலை விட்டவன் திடுக்கிட்டான். கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கவேண்டிய சுவரில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். நகம் மாட்டியது. ஒருமுறை இறுகிப்போன பிஸ்டன் உண்டாக்குகிற கீறல்.

சோமு ஓட்டும்போது இறுகியிருக்கும், சொல்லப் பயந்திருப்பான், பாவம் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படி நினைத்ததைப் பின்னாளில் எண்ணும்போது அவனுக்குத் தன்மீதே கோபம் வரும்.

சிலிண்டரைச் சாக்கில் வைக்கத் திருப்பினான். சூடு ஆறுவதற்காகச் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். அவன் வண்டியில் அவற்றில் மூன்றாவதன் விளிம்பு உடைந்திருக்கும். முன்பொருமுறை கச்சாய் அணைக்கட்டில் விழுந்தபோது கல்லில் அடிபட்டு உடைந்தது. இதிலும் அதே இடம் உடைந்துதான் இருந்தது. ஆனால் அவனுடையது கற்கண்டு உடைந்ததுபோல் சொரசொரப்பாக உடைந்திருந்தது. இது நேராக இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். பூசியிருந்த கறுப்பு எண்ணெய் போய், கீழே வெள்ளி வெளேரென்று அலுமினியம். இரும்பறுக்கிற வாளால் அரிந்து அரத்தால் ராவிய கோடுகள்.

குணலட்சுமி கிணற்றடியிலிருந்து வந்தவள் புருசன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். "என்னப்பா? காய்ச்சல் திரும்பிட்டுதோ?"

"இது என்ரை சிலிண்டர் இல்லை."

"அப்ப ஆற்றை?"

அவனால் தாங்க முடியாமல் இருந்தது களவு அல்ல. ஒருவன் ஒரு சிலிண்டரை முன்னால் வைத்துக்கொண்டு, இராசநாயகத்தின் வண்டியின் காயம் எங்கே, எவ்வளவு என்று அளந்து, அதே இடத்தில் வாளை வைத்து அரிந்திருக்கிறான். பிறகு இந்தச் சாக்கில் வந்து குந்தி, பிளக்கைத் துடைத்துத் தந்திருக்கிறான். கொயிலைக் கழற்றியிருக்கிறான். சைலன்சர் சிவக்குமட்டும் அடுப்பை ஊதியிருக்கிறான்.

அடுத்த நாள் காலை, கையில் ஒரு ஸ்பானரோடு சோமுவின் வளவுக்குப் போனான். வண்டி பலாமரத்தின் கீழ் நின்றது. யாரையும் கூப்பிடாமல் பிஸ்கற் தகரத்தைக் கழற்றினான். மூன்றாவது தகடு, சொரசொரத்த உடைவு. அதன்மேல் விரலை வைத்தபடி இருந்தான்.

சோமு குளித்துவிட்டுத் துவாயோடு வந்தான். நிலத்தில் கிடந்த தகரத்தைப் பார்த்தான். ஏதும் தெரியாதவன்போல் நடிக்க அவன் முயலவில்லை.

"நீ காய்ச்சலிலை கிடக்கேக்கை என்ரை வண்டி இறுகிப்போச்சு மச்சான்," என்றான். "சாமான் எங்கையும் இல்லை. உனக்கு வண்டி ஓடாட்டிலும் சம்பளம் வரும். எனக்கு ஓடினால்தான் உலை."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டால் தந்திருப்பியே?"

இராசநாயகம் கொஞ்சம் யோசித்தான். "தெரியேல்லை. ஆனால் நீ கேட்டிருக்கலாம்." ஸ்பானரைத் தகரத்தின்மேல் வைத்தான். "என்னோடை இருந்து பிளக் துடைச்சியேடா. அண்டைக்கு மணலிலை நிண்டனான். என்ரை சிலிண்டரிலைதானே என்னைத் தாண்டிப் போனனீ?"

சோமு நிலத்தைப் பார்த்தான். "உன்ரை முகத்தைப் பாக்கேக்கையெல்லாம் சொல்லத்தான் நினைச்சனான். ஒவ்வொரு ஞாயிறும் நினைச்சனான்."

"ஸ்பானருகளை எடு," என்றான் இராசநாயகம்.

இராசநாயகத்தின் வண்டியையும் தள்ளி வந்து, பலாமரத்தின் கீழேயே இரண்டையும் பிரித்தார்கள். கைகளுக்குப் பழக்கம் இருந்தது. ஒருவன் பிஸ்டனைத் தாங்கினால் மற்றவன் றிங்கை அமத்திச் சிலிண்டரை இறக்கினான். சோமுவின் மனைவி மீனாம்பிகை இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வேலை முடிந்தபோது ஒன்று ஆடை படர்ந்து அப்படியே இருந்தது.

"ஏன் அண்ணை குடிக்கேல்லை?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தக் கேள்வியிலேயே விளங்கியது. "வயிறு சரியில்லை தங்கச்சி," என்றுவிட்டு இராசநாயகம் வண்டியை உதைத்தான். இரண்டாம் உதையில் பற்றியது. சோமு வெறும் தேங்காயெண்ணெயில் ஓட்டியதால் இராசநாயகத்தின் சிலிண்டரிலும் இப்போது மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தது, ஆனாலும் இழுத்தது.

அவன் கந்தோருக்குப் போகவில்லை. நேரே எழுதுமட்டுவாளுக்குப் போனான். கமலாவதி வெறுமையான மாட்டுக் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "மாடில்லாத வீட்டிலை உமக்கு என்ன வேலை தம்பி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பெயரையும் சொன்னான். தன் பழியைக் கழுவச் சொல்கிறேனோ என்று நடுவில் ஒரு கூச்சம் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கமலாவதி விளக்குமாற்றில் ஊன்றியபடி கேட்டாள். சிலிண்டரும் தகடும் அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"உம்மைத் தாண்டிப் போகேக்கை அவர் கண்டவரோ?"

"கண்டவர் அக்கா. நிண்டு கதைச்சவர்."

"மாடெண்டு சொன்னனீரோ?"

"ஓம். உங்கடை பேரும் சொன்னனான்."

அவள் விளக்குமாற்றைக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு, "நிண்டு கேட்டுப்போட்டே போனவர்?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். கொட்டிலின் மிச்சத்தையும் கூட்டி முடித்து, குப்பையை வேலியோரம் கொட்டிவிட்டு, அவனுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் வாங்கிக் குடித்தான். அன்று காலையிலிருந்து அவன் தொண்டைக்குள் இறங்கிய முதல் தண்ணீர் அது. குடித்து முடித்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. கமலாவதி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவன் அழுது ஓயுமட்டும் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.