அமராவதிக்கு வேட்டு

“ரெண்டு செட்டு மேளம், வேட்டுச் சரம், மைக் செட்டு. ஜெனரேட்டரையும் ஏத்திக்குங்க. எங்கயும் நிக்காம நேரா ஊட்டுக்கு வந்துருங்க.”

போனில் கத்திவிட்டுத் திரும்பிய திருமூர்த்திக்குப் பின்னால் சென்னியப்பன் மாமா நின்றிருந்தார். எண்பதைத் தாண்டிய ஆள். சொந்தத்தில் எந்த எழவு விழுந்தாலும், எதை எப்படிச் செய்வது என்று சொல்வது அவர் வாய்தான்.

“மாப்ள, கல்யாணங் காச்சி ஆகாத பொண்ணுக்கு மேளமெதுக்கு, வேட்டெதுக்கு? சத்தமில்லாம எடுத்துப்போடலாம். அதுதான் நம்ம மொறை.”

வந்ததே கோபம் திருமூர்த்திக்கு.

“மொறையாவது மண்ணாங்கட்டியாவது! பேரம்பேத்தி எடுத்தாத்தான் மனுசியா மாமா? இந்தச் சுத்துப்பட்டுல யார் ஊட்லயாச்சும் இப்படி ஒருத்தி பொறந்திருக்காளா, சொல்லுங்க பாக்கலாம்? என்ற தங்கச்சி ராணியாட்டத்தான் போவா. கிணத்துக்கடவே அதிரோணும்!”

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. கோயில் வாசலில் இடுப்புக்கு இறங்குமே தவிர, வேறெங்கும் தோளை விட்டு இறங்காத துண்டு அவருடையது. அதைத் தோளிலேயே இழுத்துவிட்டுக்கொண்டு, பந்தலில் போய் உட்கார்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் திருமூர்த்தியைப் பார்த்த பார்வையிலேயே ஜெயித்தது யாரென்று தெரிந்தது.

உள்ளே ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அமராவதி. கணையத்தில் வந்த நோய் ஒரே மழைக்காலத்தில் அவளைத் தின்று தீர்த்துவிட்டது. கடைசிக் காலத்துக்கு அண்ணன் வீடே போதும் என்று வந்தவள், இன்று விடியற்காலையில் போய்விட்டாள்.

ஊரில் அவளை ‘ரேடியோக்காரி’ என்பார்கள். அவள் வானொலி நிலையத்தில் வேலை பார்ப்பதாகவே ரொம்ப நாள் நம்பிய சென்னியப்பன் மாமா, தனக்கொரு பழைய பாட்டுப் போடச் சொல்லி நச்சரித்ததுண்டு. அவள் பார்த்த வேலையே வேறு. புனேவுக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் பெரிய பெரிய கிண்ணங்கள். கண்ணுக்கெட்டாத ஏதோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அவற்றில் பிடித்து அளப்பாள். அந்த நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது. சுற்றியிருப்பதையெல்லாம் இழுத்து விழுங்குகிறது. விழுங்காததை இரண்டு பக்கமும் பீச்சியடிக்கிறது. அந்தப் பீச்சலின் நீளத்துக்கு நம் பால்வீதியே பற்றாது என்பாள்.

ஒருமுறை அதன் படத்தை அண்ணனிடம் காட்டினாள்.

“போர் போட்டுத் தண்ணி வந்தா பீச்சுமே, அந்த மாதிரியில்ல இருக்குது!” என்றார் திருமூர்த்தி.

“அதேதானுங்ணா!” என்று கைதட்டிச் சிரித்தாள்.

ஆனால் படத்தில் பீச்சல் ஒரு பக்கம்தான் இருந்தது. நம்மை நோக்கி வருவது பளிச்சென்று தெரியும், நம்மை விட்டு ஓடுவது மங்கிப்போகும், ஆனால் இருக்கிறது என்றாள். தெரியாத அந்தப் பக்கத்தைத் தேடித் தலை நரைக்க உட்கார்ந்திருந்தாள். கண்டும் பிடித்தாள். நகத்தால் கீறினாற்போல ஒரு கோடு, அவ்வளவுதான். பொறுமை என்றால் அதுவல்லவா பொறுமை! தென்னம்பிள்ளையை நட்டுவிட்டுக் காய்க்கும்வரை காத்திருக்கிற திருமூர்த்திக்கே மலைப்பாக இருந்தது.

உச்சி வெயிலில் ரிஃபானா வந்து சேர்ந்தாள். கோயமுத்தூர் உக்கடத்துப் பெண். அமராவதியிடம் ஆராய்ச்சி படித்தவள். புனேவிலிருந்து விமானம் பிடித்து வந்திருந்தாள். ஐஸ் பெட்டியருகே போனவள் முதலில் கைப்பையிலிருந்து போனை எடுத்து அணைத்தாள். அப்புறம்தான் கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

“சார்ஜ் போயிருச்சா கண்ணு? ஒயர் குடுக்கச் சொல்லட்டுமா?”

“இல்லீங் அங்கிள்.” கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். “மேடம் பக்கத்துல போனை ஆன்ல வெச்சுப் பழக்கமே இல்லீங்க.”

திருமூர்த்திக்குச் சுருக்கென்றது. தங்கை வேலை பார்த்த இடத்துக்கு அவரும் ஒருமுறை போயிருக்கிறார். வாசலிலேயே போனை வாங்கிவைத்துக்கொண்டார்கள். வாடகைக்குப் பிடித்துப் போன பெட்ரோல் காரையும் வெளியே நிறுத்திவிட்டு, டீசல் ஜீப்பில் உள்ளே கூட்டிப்போனாள் அமராவதி. இதென்ன கெடுபிடி என்று அவர் முணுமுணுத்தார்.

“பெட்ரோல் வண்டில ப்ளக் பொறி அடிக்குமுங்ணா. அந்தத் துளிப் பொறியே எங்களுக்கு இடி உழுகற மாதிரி. போனைச் சொல்லவே வேண்டாம். இந்த அலை எத்தன கோடி வருசம் நடந்து வந்திருக்குது தெரியுமுங்ளா? ஓஞ்சுபோய், ஈனசுரத்துல வந்து நம்ம வாசல்ல நிக்குது. ஊட்டுக்குள்ள நாம கூச்சல் போட்டுட்டிருந்தா, விருந்தாளி பேசறது காதுல உழுகுமுங்ளா?”

வெளியே ஜெனரேட்டர் அதிர்ந்தது. “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று ஒலிபெருக்கி கரகரத்தது. மேளக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள்.

ஐயோ, என்ன காரியம் செய்யப் பார்த்தேன்! திருமூர்த்தி செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

“நிறுத்துங்க, எல்லாத்தையும் நிறுத்துங்க. மேளம் வேண்டாம், வேட்டு வேண்டாம். பேசுன கூலி பேசுனதுதான், இருந்து சோறு உண்டுட்டுப் போங்க.”

பந்தலில் சென்னியப்பன் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதத்தானே மாப்ள நான் காலைலயே சொன்னேன்? இப்பவாச்சும் புத்தி வந்துச்சே.”

நாலு பேர் தலையாட்டினார்கள். திருமூர்த்திக்குக் காது சுட்டது. தான் தோற்றதாகவே இருக்கட்டும். இன்றைக்கு அமராவதிக்குச் செய்ய வேண்டியதுதான் முக்கியம்.

தூக்குகிற நேரம் வந்தது. திருமூர்த்தி வீட்டுப்படியில் நின்று கும்பிட்டார்.

“ஒரே ஒரு ஒதவி கேக்கறேனுங்க. எடுக்கறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் எல்லாரும் போனை அணைச்சுப்போடுங்க. சைலண்ட்ல போட்டாப் பத்தாது, அணைக்கோணும். வண்டி எதையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. வானத்துல இருந்து வர்றது நம்மள வந்து சேரோணும்னா நாம செத்த நேரம் அமைதியா இருக்கோணும்னு என்ற தங்கச்சி சொல்லுவாளுங்க. ஆயுசுக்கும் அவ கேட்டது அது ஒண்ணுதான். எனக்குப் பெருமையே அவதானுங்க. அவ கேட்டதக் குடுத்து அனுப்போணும்.”

கூட்டத்துக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனாலும் போன்கள் ஒவ்வொன்றாக இசைத்து அடங்கின. தோப்பில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ போய் நிறுத்தினார்கள். ஐஸ் பெட்டியின் ஒயரைத் திருமூர்த்தியே பிடுங்கினார். பொள்ளாச்சி ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

சென்னியப்பன் மாமா மட்டும் அசையாமல் இருந்தார். பிறகு மெல்ல எழுந்து உள்ளே வந்தார். கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையின் உள்பையில் கையை விட்டு, பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றை எடுத்து ரிஃபானாவிடம் நீட்டினார்.

“அம்மணி, இத எப்படி அணைக்கறது? வாங்குனதுல இருந்து அணைச்சதே இல்ல.”

ரிஃபானா அதை வாங்கிச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அந்தச் சின்ன வெளிச்சம் போகும்வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அமராவதியின் தலைமாட்டில் போய் நின்றார்.