இரண்டு முறை இட்ட சர்க்கரை

புருஷனும் பெண்டாட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எந்த வேலையை வேண்டுமானாலும் செய்யலாம், கண்ணுகளா. பீரைப் பாட்டிலில் அடைக்கிற வேலையை மட்டும் செய்யக்கூடாது.

பழைய லாரி ஷெட்டுக்குள் இரண்டே பேர் நடத்திய பீர் பட்டறை அது. அவருக்கு ஊர் வைத்த பெயர் நுரையார். மனைவிக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மூட்டை தூக்குவதும் தொட்டி கழுவுவதும் அவள்தான். அந்தப் பீரை ஒருமுறை குடித்தவர்கள் கம்பெனி பீரைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாயில் வைத்ததும் வறுத்த தானிய வாசனை. அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். கடைசியில் நாக்கடியில் ஒரு கசப்பு, போய்ட்டு வரேன் போய்ட்டு வரேன் என்று சொல்லியபடி வாசலிலேயே நிற்கிற விருந்தாளி மாதிரி.

ருசி இருந்து என்ன செய்ய? பெரிய கம்பெனிக்காரன் கடைகளுக்குக் குளிர்பெட்டியை இனாமாகக் கொடுத்தான். கொடுத்த கையோடு, வேறு யார் பாட்டிலும் கடைக்குள் இருக்கக்கூடாது என்றான். ஒவ்வொரு கடையாகக் கைவிட்டுப்போய் ஒரே ஒரு கடை மிஞ்சியது. அந்தக் கடைக்காரர் மட்டும் வாசலோரம் ஓர் அலமாரியை இவர்களுக்கு விட்டுவைத்திருந்தார். அதுவும் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

இந்த நிலைமையில்தான் சண்டை. நுரையார் தன் அக்காவிடம் போனில், "காய்ச்சுறதெல்லாம் நான்தான்க்கா. இவ மூடி போடுவா" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொன்னாள். அவர் தொட்டியிடம் சொன்னார்.

பாட்டிலில் அடைக்கும் முன் பீரில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு கலப்பார்கள். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று காற்றை விடும், அதுதான் நுரை. எப்போதும் அவர்தான் கலப்பார். அன்றைக்கு அவள், மூடி போடுகிறவளுக்கு இதுவும் தெரியும் என்று காட்ட, விடிந்ததும் பாகு காய்ச்சிக் கலந்துவிட்டாள். பிறகு அவர் வந்து வழக்கம்போலக் கலந்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டில்கள் கடைக்குப் போய்விட்டன.

சில நாள் கழித்து, பட்டறையில் சோதனைக்கு வைத்திருந்த பாட்டில் ஒன்று டமாரென்று வெடித்தது. கண்ணாடித்துண்டு எதிர்ச்சுவரின் பலகையில் போய்க் குத்தி நின்றது.

"பாகு சரியாத்தானே போட்டேன்!" என்றார் அவர், தொட்டியைப் பார்த்து.

அவள் கையிலிருந்த வாளி நழுவியது. "நீங்க போட்டீங்களா? ஐயோ, நானும் போட்டேனே!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கடைக்காரர்கிட்ட என்னன்னு சொல்றது? சொன்னா அலமாரி போச்சு" என்றார் நுரையார்.

"சொல்லலைன்னா யாருக்காவது கண்ணு போச்சு. எழுந்திரிங்க."

கடைக்காரர் கேட்டுவிட்டு வெளிறிப்போனார். "வெடிக்குமா? நீங்க பீர் கொண்டாந்தீங்களா, பட்டாசு கொண்டாந்தீங்களா?" என்று கத்திக்கொண்டே வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பினார். ஈரச் சாக்கைப் போர்த்திப் போர்த்தி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். ஒரு பெட்டி குறைந்தது.

"பின்தெரு மாடியில தையல்கார அம்மா வாங்கிட்டுப் போனாங்க. தம்பி ஊர்லேர்ந்து வர்றானாம்" என்றார் கடைக்காரர்.

அவள் ஓடினாள். பின்னால் அவர், இளைக்க இளைக்க.

மாடியில் ஒரே அறை, மூலையில் சின்னக் குளியலறை. தையல் மிஷின், துணிக் குவியல், சுவரோரம் இஸ்திரி மேசை. அறையே வெந்துகொண்டிருந்தது. தையல்காரி கோட்டு ஒன்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அந்தப் பெட்டி. அவளுடைய வலது கால் அதன்மேல்.

"அக்கா, காலை எடுங்க!"

"யாரும்மா நீ? தைக்கணுமா, பிரிக்கணுமா?"

"அந்தப் பெட்டி வெடிக்கும்க்கா!"

"நல்லா வெடிக்கும், போ. நின்னு நின்னு வீங்கின காலு, இப்பத்தான் சுகமா இருக்கு." சிரித்தவள், பின்னால் வந்த நுரையாரின் முகத்தைப் பார்த்ததும் மெல்லக் காலை இறக்கினாள்.

"கெட்டித் துணி ஏதாவது இருக்கா?" என்றாள் மனைவி.

"கோட்டுத் துணிதான் இருக்கு. அடுத்தவங்க துணிம்மா அது..." என்று இழுத்தாள். பெட்டிக்குள் கிணுக்கென்று ஏதோ விரிசல் விட்ட சத்தம் கேட்டது. தையல்காரி முழுச் சுருளையும் தூக்கி அவர்களிடம் எறிந்தாள்.

நாலாக மடித்துப் போர்த்தினார்கள். நுரையார் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். "முகத்தைத் திருப்பிக்கங்க, முகத்தைத் திருப்பிக்கங்க" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே கூட நடந்தாள். குளியலறைத் தரையில் இறக்கிக் கதவைச் சாத்திய நொடியில் முதல் பாட்டில் போனது. அப்புறம் அடுத்தது. கதவடியில் நுரை பொங்கி வந்து மூவரின் பாதங்களையும் நனைத்தது. ஆரஞ்சுத் தோல் மணம் அறையெல்லாம்.

நுரையாரின் போன் அடித்தது. கடைக்காரர். கேட்டுவிட்டு வைத்தார் நுரையார்.

"கம்பெனி ஆள் கடையிலயே நின்னு எல்லாத்தையும் பார்த்திருக்கான். அலமாரியை எடுக்கச் சொல்லிட்டாங்க."

அதோடு பட்டறைக்கும் பூட்டு, கண்ணுகளா.

சத்தமெல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். ஒரே ஒரு பாட்டில் முழுசாக நின்றது. ஈரத்துணி சுற்றி, மூடியை மயிரிழை மயிரிழையாக நெம்பிக் காற்றை வெளியேற்றினார் நுரையார். பொங்கி வழிந்தது போக அரை டம்ளர் தேறியது. தையல்காரி வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய்.

"அடி ஆத்தீ, இவ்வளவு நல்லாவா காய்ச்சுறீங்க! தம்பி வர இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இன்னொரு பெட்டி எப்ப வரும்?"

நுரையார் மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் மெல்லத் தடவித் தடவிக் கண்ணாடித்துண்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வராதுக்கா" என்றாள் தலை நிமிராமல். "அதை மெதுவாக் குடிங்க."