தலை தீபாவளிக்கு வந்த காலிங் பெல்

1

இது கடிதமாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெரம்பலூரில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவர் வீரமுத்து. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில் என்னிடம் வந்தார். "அண்ணே, சம்பந்திக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும். மன்னிப்பு கேட்ட மாதிரி இருக்கணும். ஆனா கேட்டுருக்கக் கூடாது."

வாலிகண்டபுரத்தில் படித்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம்தான் விஷயம். அப்படியே தொடங்கினேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பிறகு:

பொருள்: தங்கள் வீட்டுக் காலிங் பெல் எங்கள் வீட்டுக்குத் தலை தீபாவளிக்கு வந்திருப்பது தொடர்பாக.

பேனாவை மூடிவிட்டேன். இப்படி ஒரு பொருளுக்கு விளக்கம் வேண்டும். பெறுநருக்கு எல்லாமே தெரியும். தெரியாதவர் நீங்கள்தான். ஆகவே பெறுநரை மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம் காயப்போட்டவர்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு..."

வேண்டாம். மழைக்கு இதில் வேலையில்லை. (கடைசியில் கொஞ்சம் தூறும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.)

இரண்டாம் தொடக்கம்: "விஞ்ஞானம் வளர வளர மனிதன்..."

இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசு வாங்கியிருக்கிறேன். போதும்.

மூன்றாவது, விவரம். வீரமுத்து பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவி மலர்க்கொடி. ஒரே மகள் பூங்குழலிக்கு ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சுதர்சனுக்கு அரியலூரில் வீடு, சிமெண்ட் ஆலையில் வேலை. தலை தீபாவளிக்குப் பெண் வீட்டார் நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அழைத்தால்தான் வருவார்கள். அதுவும் ஒரே ஒரு முறைதான். அடுத்த வருடம் வருவது வெறும் தீபாவளி.

மாப்பிள்ளைக்குப் புதுப்புது எந்திரங்கள் மேல் ஆசை. அதனால் வீரமுத்து இந்த வருடம் சுண்ணாம்பு அடிக்கவில்லை. எண்ணெய் குடிக்காமல் பலகாரம் சுடும் ஏர் ஃப்ரையர் வாங்கினார். சொன்னால் சுற்றும் மின்விசிறி வாங்கினார். (அது சுதர்சன் சொன்னால் மட்டும் சுற்றும். வீரமுத்து சொன்னால், "மீண்டும் சொல்லுங்கள்" என்னும்.) கடைசியாகத் தரை துடைக்கும் ரோபோ ஒன்றுக்குப் போனிலேயே ஆர்டர் போட்டார்.

அந்த ரோபோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஞாயிற்றுக்கிழமை அழைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கரிநாள் என்று மலர்க்கொடி காலண்டரில் பார்த்துவிட்டார். சரி, வியாழனே போகலாம் என்று முடிவாயிற்று. அதைச் சம்பந்தி வீட்டுக்கு மற்றவர் போன் பண்ணிச் சொல்லியிருப்பார் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். இருவரிடமும் புது போன்.

அரியலூர் வீடு பூட்டியிருந்தது. வீட்டார் துணி எடுக்க ஜெயங்கொண்டம் போயிருந்தார்கள். கதவோரம் சுதர்சன் புதிதாக மாட்டிய கேமரா பெல். அமுக்கினால் நீல வட்டம் சுற்றும். அமுக்கியவர் முகம் சுதர்சன் போனிலும் பூங்குழலி போனிலும் தெரியும். "வாசலில் ஒருவர் இருக்கிறார்" என்று போன் பெண் குரலில் சொல்லும். அமுக்காமல் எதிரே அசைந்தாலும் சொல்லும். எங்கிருந்தாலும் பதில் பேசலாம்.

வீரமுத்து அமுக்கினார். ஆலையிலிருந்து சுதர்சன் பேசினான்.

"மாமா! வாங்க வாங்க! என்ன மாமா திடீர்னு? ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. பக்கத்து வூட்ல சாவி இருக்கு, வாங்கி உள்ள உக்காருங்க."

"பரவால்ல மாப்ள. நல்ல நேரம் முடியப் போவுது. இப்படியே சொல்லிடுறேன்."

துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். தட்டை இரண்டு கையாலும் பெல்லுக்கு நேராக நீட்டினார். "தலை தீபாவளிக்குப் புள்ளையும் நீங்களும் அவசியம் வந்துரணும்."

பொட்டு வைக்காமல் அழைப்பா என்று மலர்க்கொடிக்கு மனசு கேட்கவில்லை. பெல்லுக்குச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். சுதர்சன் போனில் உலகம் சிவந்தது. தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் போன் மறுபடி சொன்னது. "வாசலில் ஒருவர் இருக்கிறார்."

குங்குமத்தின் ஓரமாக ஒரு கொம்பு தெரிந்தது. வெற்றிலையில் தொடங்கி வாழைப்பழத்தில் முடித்துவிட்டுப் போயிற்று.*

* ஆட்டையும் 'ஒருவர்' என்கிற மரியாதை அந்த எந்திரத்துக்கு மட்டும்தான் உண்டு.

4

சம்பந்தி தங்கசாமி பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்த பஸ்ஸுக்கு நேரம் குறிப்பார். ரோட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போன பஸ், அவர் நோட்டில் வராத பஸ். டிரைவர் காலில் விழுந்தாலும் வராத பஸ்தான்.

மகன் போனில் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தார்.

"வாசல் வரைக்கும் வந்துருக்காங்க. உள்ள வரல."

"அப்பா, என்னையத்தான் கூப்புட்டாங்க. நான் பேசுனேன்ல?"

"நீ எங்கடா இருந்த?"

"வேலையில."

"அவங்க யாரு மொகத்தப் பாத்துக் கூப்புட்டாங்க?"

"...பெல்லு."

"பொட்டு யாருக்கு வச்சாங்க?"

"பெல்லுக்கு."

"அப்பப் போவ வேண்டியது யாரு?"

மறுநாள் ஸ்குரூ டிரைவரால் பெல்லைக் கழற்றி, புதுத்துண்டில் சுற்றி, பெரம்பலூர் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் ஒப்படைத்தார். ஜன்னலோர சீட்டு. முழு டிக்கெட்.

திரும்பப் போய் அழைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மறுபடி போனா, மொத தடவ போவலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாது?" என்றார் வீரமுத்து. அங்கே தங்கசாமியோ, "ஒரு டிரிப்புக்கு ஒரு தடவதான் டைம் போடுவேன்" என்று சொல்லிவிட்டாராம். நடுவில் பூங்குழலியின் ஒரே ஒரு தலை தீபாவளி.

5

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். தங்கசாமியை நீங்கள் நம்பவில்லை. எனக்கும் அவரை எழுத வரவில்லை. பெரிய மீசை வைத்துப் பார்த்தேன், வில்லன் ஆகிவிட்டார். எடுத்தேன். இருமல் கொடுத்தேன், பாவமாகிவிட்டார். அதையும் எடுத்தேன். [அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்றால்... இந்த வரி முடியாது. எனக்குத் தெரியாது.]

ஆடு நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். இல்லை. நான் சேர்த்தது ஜன்னலோரம் மட்டும்தான். டிக்கெட் உண்மை. வீரமுத்து கடிதத்துக்கு ஆதாரமாகக் கொடுத்தார். இணைப்பு: ஒன்று.

6

பெல் வந்ததும் வீரமுத்து அதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார். மலர்க்கொடி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இப்படியே எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டே இருக்கறது?" என்றார் மலர்க்கொடி.

காயில் கட்டும் கைக்குச் சும்மா இருக்க வராது. அன்று மாலையே தன் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டார் வீரமுத்து. வைஃபையில் சேர்க்கச் சுதர்சனே போனில் வழி சொன்னான், தங்கசாமிக்குத் தெரியாமல்.

அதன் பிறகு நடந்ததை யாரும் யோசித்திருக்கவில்லை. பெரம்பலூர் வாசலில் யார் அசைந்தாலும் அரியலூரில் பூங்குழலி போன் சொன்னது: "வாசலில் ஒருவர் இருக்கிறார்." பார்த்தால் அம்மா.

"அம்மா, பால்காரருக்கு ஏன் இந்தச் சேலையில வந்து நிக்கிற? நல்லதா ஒண்ணு கட்டிக்கயேன்."

மலர்க்கொடி சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் பெல்லைப் பார்த்தார். மறுநாளே ஏர் ஃப்ரையர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு வாசலுக்கு வந்தது. முறுக்கு மாவு வாசலுக்கு வந்தது. ஏர் ஃப்ரையரில் முறுக்கு செங்கல்லாயிற்று. உடனே அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் வாசலுக்கு வந்தன. ஒவ்வொரு ஈடும் பெல்லுக்குக் காட்டப்பட்டு, "இன்னும் செவக்கணும்மா" என்று பெல் சொன்ன பிறகே இறங்கியது. ரோபோ நிலைப்படி வரை துடைத்துவந்து, முட்டி, திரும்பிப் போகும். அதற்கும் அரியலூரில் போன், "ஒருவர்" என்றது.

வீரமுத்து மட்டும் வாசலைத் தவிர்த்தார். கடைக்குப் பின்கதவு வழியாகப் போனார். ஒருநாள் செருப்பை எடுக்க வந்து மாட்டிக்கொண்டார்.

"அப்பா."

குனிந்து ஒரு செருப்பைப் போட்டார்.

"எங்க மாமனாரு உங்களுக்குன்னு கால் அமுக்குற மிஷினு வாங்கி வச்சிருந்தாங்கப்பா. ஞாயித்துக்கெழம உங்களத்தான் மொதல்ல உக்கார வைக்கணும்னு பொட்டியே பிரிக்கல. இன்னும் அப்படியேதான் கெடக்கு."

வீரமுத்து ஒற்றைச் செருப்போடு நின்றார் என்று மலர்க்கொடி சொன்னார். கூடவே குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "அண்ணே, இவரு அன்னிக்கு ஓடி வந்தது நல்ல நேரத்துக்கு இல்ல. ரோபோவ மத்தியானம் கொண்டாறேன், நேர்ல ஓடிபி நம்பர் சொல்லணும்னு டெலிவரிக்காரரு போன் பண்ணிட்டாரு. அதான் ஓட்டம்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கடிதத்துக்கான விஷயம் கிடைத்தது.

7

எழுதினேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு எடுத்துக்கொண்டு போனேன். வீரமுத்து பார்த்துச் சரி என்றால் நானே அரியலூர் போய்க் கையில் கொடுப்பதாகத் திட்டம். அவர் வீட்டு வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், பெல்லை அமுக்கிவிட்டேன்.

நீல வட்டம் சுற்றியது.

"பெரியப்பாவா? லெட்டர் எழுதிட்டீங்களா? படிங்க!" என்றது பூங்குழலி குரல்.

"இல்லம்மா, உங்கப்பா இன்னும்..."

"படிக்கச் சொல்லு," என்றது அவள் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். நான் இருமல் கொடுத்து எடுத்த அதே ஆள்.

இதற்குள் வீரமுத்து கதவைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார். எனக்கு வேறு வழியில்லை. படித்தேன்.

"அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு. வியாழனன்று தங்கள் வீடு பூட்டியிருந்தது உண்மை. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது அதைவிட உண்மை. நல்ல நேரம் முடிகிறது என்று நான் சொன்னது உண்மையில்லை. மாப்பிள்ளை வரும்போது தரை பளபளவென்று இருக்க வேண்டுமென்று ஓர் எந்திரத்துக்கு ஆர்டர் சொல்லியிருந்தேன். அது வரும் நேரத்துக்காக, மனிதர் வரும் நேரம் வரை காத்திருக்காமல் திரும்பிவிட்டேன். தட்டை ஆளிடம் கொடுக்காமல் படியில் வைத்தவன் நான். ஆட்டின் மேல் தவறில்லை."

வீரமுத்து என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நிறுத்தச் சொல்கிறாரா, விழாமல் இருக்கப் பிடிக்கிறாரா என்று தெரியவில்லை.

பிறகு தங்கசாமி கேட்டார். "அந்த மிஷினு வந்துச்சா?"

"வந்துச்சுங்க சம்பந்தி," என்றார் வீரமுத்து.

"ஓடுதா?"

"நெலப்படி வரைக்கும் ஓடுதுங்க. அதுக்கு மேல வராதுங்க."

"உங்கள மாதிரியே." பிறகு என்னிடம், "சார், இந்த லெட்டரு இப்ப எந்த ஊருக்கு வந்துருக்கு? நீங்க நிக்கிறது அவரு வாசல். நான் நிக்கிறது என் வூடு. பேசுறது எங்க பெல்லு."

முறைப்படி படித்தவன் நான். காகிதத்தில் பெறுநர் முகவரியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

"சரி, டைம் என்ன?"

"மூணு அம்பதுங்க," என்றார் வீரமுத்து.

பேனா மூடி திறக்கும் 'டிக்' சத்தம் கேட்டது. நீல வட்டம் அணைந்துவிட்டது.

8

அவர் நேரம் குறித்தாரா, பேனாவைத் திறந்து மட்டும் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே முடிவுகள்:

அ) தங்கசாமியே மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு, கால் அமுக்கும் எந்திரத்தைத் தோளில் வைத்து... (அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

ஆ) யாரும் வரவில்லை. பெல்லுக்கு எண்ணெய் வைத்து, துண்டு போர்த்தி, விருந்து போட்டார்கள். (மலர்க்கொடியை நேரில் பார்த்தவன் இதை எழுத மாட்டான். நான் பார்த்தேன்.)

இ) வீரமுத்து தானே அரியலூர் போய், வீட்டுக்குள் போய், உட்கார்ந்து... (போனார் என்று எழுதிவிட்டு அடித்தேன். போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பினார். அதுவும் நிலைப்படிதான்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. தீபாவளிக்கு முந்தின நாள், மாலை நான்கு மணி. தூறல். வாசலில் அடுப்பு நனையும் என்று எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். நான் திருத்திய கடிதத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோபோ என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெல் அடித்தது.

வீரமுத்து எழுந்தார். மலர்க்கொடி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க. சத்தம் போடாதீங்க."

ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். இந்தப் பெல் அடித்தால் பூங்குழலியின் போன் பேசும். போன் அரியலூரில் இருந்தால் இங்கே எதுவும் கேட்காது. அவளோடு இந்த வாசலுக்கே வந்திருந்தால் கேட்கும். வாசலில் நிற்பது ஆடாகவும் இருக்கலாம். எங்கள் தெருவிலும் ஆடு உண்டு, பெல்லும் கொம்புக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

மலர்க்கொடி கதவில் காதை வைத்தார். கையில் மாவு. ஓடாதே என்று யாரும் சொல்லாமலே ரோபோவும் எங்கோ முட்டி நின்றுவிட்டது.

கதவுக்கு அந்தப்பக்கம், மழைக்குள், அந்தப் பெண் குரல் கேட்க வேண்டும். "வாசலில் ஒருவர் இருக்கிறார்" என்று.

நான் இங்கே பேனாவை மூடிக்கொள்கிறேன். கதவில் இன்னொரு காதுக்கு இடமிருக்கிறது. வந்து வையுங்கள். ஆனால் வாசலோடு நின்றுவிடாமல், உள்ளே வந்து.