விசிறி ஓடுகிறதா?

மூன்றாவது முறையாகத் திரை கறுத்தபோது, பாதி வரைந்திருந்த பற்சக்கரமும் அதோடு போயிற்று. மடிக்கணினியின் இடது ஓரத்தில் கை வைக்க முடியவில்லை. அணைவதற்கு முன் உள்ளே இருந்த விசிறி கத்து கத்தென்று கத்தியிருந்தது.

வியாழக்கிழமை மாலை எனக்குக் கணினி வரைபட வகுப்பின் செய்முறைத் தேர்வு. அவரவர் கணினியில் ஓர் இயந்திரப் பாகத்தை மூன்று மணி நேரத்துக்குள் வரைந்து அனுப்ப வேண்டும். நடுவில் அணைந்தால் கூடுதல் நேரம் கிடையாது என்று சுகுமாரன் சார் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். தேறினால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் நிற்கும் உற்பத்தி வரிசையை விட்டு வரைபடப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். அடுத்த தேர்வு வரும்வரை அது எனக்காகக் காத்திருக்காது.

ஞாயிறு மத்தியானம் வகுப்புத் தோழி இஸ்ஸதி, டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். கையில் சின்னத் திருப்புளி, தூரிகை, துடைக்கும் ஆல்கஹால், ஒரு குழாய்ப் பசை.

"எல்லாம் அண்ணன் கைபேசிக் கடையில சுட்டது. தொலைச்சே, என்னையக் கொன்னுடுவான்."

நான் ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் படத்தில் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினேன்.

"நீ லேப்டாப்பத் தொறக்குறியா, கோலம் போடுறியா?" என்றாள் இஸ்ஸதி.

முதலில் மின்கல இணைப்பைக் கழற்றினேன். பிறகு விசிறியைத் தூக்கினேன். வெறும் தூசியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். விசிறிக்கும் அதன் பக்கத்திலிருந்த உலோகத் தகடுகளுக்கும் நடுவே கறுப்பாக, பிசுபிசுவென்று, கம்பளித் துண்டு போல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. காற்று வெளியேற வழியே இல்லை. இஸ்ஸதி அதை ஊசியால் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஷர்மினி, மோந்து பாரு. உங்க வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை."

சாம்பிராணி. என் மேசை சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கூடத்தில் மின் இணைப்பு உள்ள இடம் அது ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் இருப்பதால் மட்டும் இவ்வளவு படியுமா?

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "சாம்பிராணியா? ஆமா, நாந்தான் காட்டுறேன். நீ குளிக்கப் போறப்ப."

"லேப்டாப்புக்கா?"

"படிக்கிற பொருளாச்சே. மேலாக்கக் காட்டுனா என்ன பிரயோசனம்? அடியில ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, தூக்கிப் பிடிச்சு அது வழியாக் காட்டுவேன். நல்லா உள்ள இழுத்துக்கும்."

"இழுக்கும்தாம்மா. உள்ள விசிறி ஓடுது."

இஸ்ஸதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். "அலாமாக், ஆன்ட்டி! வாராவாரம் அதுக்கு மூச்சு முட்ட வச்சிருக்கீங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. "பாஸாகணும்னுதானே காட்டுனேன்," என்று உள்ளே போய்விட்டார். பிறகு வெங்காயம் நறுக்கும் சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது.

விசிறி சுழன்றுவிடாமல் அதன் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தட்டினேன். தகடுகளின் இடுக்குகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். சில்லின் மேல் காய்ந்து பொரிந்திருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒரு பொட்டளவு வைத்தேன். இணைப்புகளைச் செருகி, எல்லாவற்றையும் மூடி, வரைபட மென்பொருளைத் திறந்து மாலைவரை வரைந்தேன். அணையவில்லை. ஓரம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. சத்தமும் இல்லை.

அதோடு விட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வரிசையில் நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. விசிறியின் இணைப்பு அரிசியளவுதான் இருக்கும். அதைக் கடைசிவரை அழுத்தினேனா? பேருந்தில் ஆட்டம் கண்டு கழன்றுவிட்டால்?

"சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சுல்ல, அப்புறம் என்னலா?" என்றாள் இஸ்ஸதி தொலைபேசியில். "திரும்பத் தொறந்தே, நான் உன்கூடப் பேச மாட்டேன்."

வியாழக்கிழமை காலை திறந்தேன். இணைப்பு உறுதியாகத்தான் இருந்தது. உறுதியா என்று பார்ப்பதற்காக அதை இழுத்தேன். கழன்றுவிட்டது. மறுபடி செருகியபோது முன்பு போலப் பொருந்தியதா என்று தெரியவில்லை. கீழே தொழிற்சாலைப் பேருந்து ஒலி எழுப்பியது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. திருகுகளை முடுக்கி, கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வாசலில் அம்மா சாம்பிராணித் தட்டோடு நின்றார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைம்மா."

"பரீட்சைக்குக் கிழமை உண்டா? நில்லு."

பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். "லேப்டாப்புக்கு வேணாம்."

"தெரியும்டி. இது உனக்கு."

ஈரத் தலையைப் பிரித்துவிட்டு, நாட்காட்டி அட்டையால் விசிறி விசிறிப் புகையை முடிக்குள் ஏற்றினார். கண் எரிந்தது. பேருந்து மறுபடி ஒலி எழுப்பியது. அப்படியே கொண்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். தொழிற்சாலைக்குள் சொந்தக் கணினிக்கு அனுமதி இல்லை. பை மாலைவரை காவலர் அறையில் கிடந்தது. கொண்டை மாலைவரை தொப்பிக்குள் கிடந்தது.

கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில், கடைவீட்டு மாடியில் எங்கள் வகுப்பு. கணினியின் பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்க இரண்டு அழிரப்பர்களை அடியில் வைத்தேன். தேர்வு தொடங்கியது.

விசிறிச் சத்தம் கேட்கவில்லை.

முன்பெல்லாம் இந்நேரம் கத்தத் தொடங்கியிருக்கும். சுத்தமாக இருப்பதால் அமைதியாக ஓடுகிறதா? அல்லது ஓடவே இல்லையா? இடது ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். வகுப்பின் குளிரூட்டி நேராக என்மேல் வீசிக்கொண்டிருந்தது, என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. எது எந்தக் காற்று என்று பிரிக்க முடியவில்லை. ஒரு துளையைத் தவறான இடத்தில் வரைந்தேன். அழித்தேன். மறுபடி கை ஓரத்துக்குப் போயிற்று. மறுபடி ஒரு கோடு தவறியது.

"ஷர்மினி."

சுகுமாரன் சார் பக்கத்தில் நின்றார்.

"கை எங்க போகுது?"

"ஒன்னுமில்ல சார்."

"ஒன்னுமில்லாததுக்கா இத்தன தடவ? கைய மேசை மேல வைங்க. அடியில என்ன?"

"ரப்பர் சார். காத்து போறதுக்கு."

எல்லாரும் திரும்பினார்கள். அவர் ரப்பர்களை உருவி, இருபுறமும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்து, நான் கை வைத்த அதே இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் எழுந்து போக வேண்டியதுதான். ஆனாலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை அல்ல, அந்தக் கையை.

"இங்க என்ன இருக்கு? சூடாக் காத்துதானே வருது."

"நல்லா வருதா சார்?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்லா... சுடச்சுட வருது. ஏன்?"

ஓடுகிறது. சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பின் வரிசையில் இஸ்ஸதி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

சார் ரப்பர்களைத் திருப்பி வைத்தார். நகரவில்லை. மூக்கை உறிஞ்சினார். "என்னமோ புகையிற வாசனை வருதே. லேப்டாப் தீயுதா?"

"இல்ல சார். அது என் தலை."

அதன் பிறகு என் கை ஓரத்துக்குப் போகவில்லை. துளையைச் சரியான இடத்தில் வரைந்தேன். நேரம் முடிவதற்குள் கோப்பு போய்ச் சேர்ந்தது. திரை கடைசிவரை கறுக்கவில்லை.

படியிறங்கும்போது அம்மா கைபேசியில் அழைத்தார். "நடுவுல நின்னுச்சா?"

"நிக்கலம்மா."

"பாத்தியா!" என்றார், வெற்றி பெற்றவர் குரலில்.

நான் மறுக்கவில்லை. அந்தத் துளையின் விட்டத்தைக் குறித்தேனா என்று அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.