டிப்போ வாசலை அடைத்த பேருந்து

பிரான்ஸின் மார்செய் நகரில் அன்று எதுவும் ஓடவில்லை. மெட்ரோவின் இரண்டு வழித்தடங்களும் பூட்டிக் கிடந்தன; டிராம் தண்டவாளத்தில் புறாக்கள் மேய்ந்தன. மதியச் சாப்பாட்டு இடைவேளையைக் குறைத்துவிட்டார்கள் என்று ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். செவரின் மட்டும் சீருடையை மாட்டிக்கொண்டு வடக்கு டிப்போவுக்கு வந்து தன் பேருந்தைக் கிளப்பினாள்.

வாசலில் டயர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாசேஜ் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த வேலைநிறுத்தக்காரர்கள் இன்ஜின் சத்தம் கேட்டு ஓடிவந்து மறித்தார்கள். சங்கத் தலைவன் ஒர்சினி கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

"இறங்குடி கீழ! நாங்கல்லாம் இந்தக் காத்துல நிக்கிறோம், நீ மொதலாளிக்கு வால் பிடிக்கிறியா?"

செவரின் ஜன்னலைத் திறந்தாள். "போன மாசம் ஒரு பயணி என் மூஞ்சில குத்தி பல்லை உடைச்சானே, அன்னிக்கு ஒரு வண்டியாவது நின்னுச்சா?"

"அது வேற விஷயம்."

"ஆமா, வேறதான். அது என் பல்லு. இது உன் சோறு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முகம் சிவந்துபோன ஒர்சினி பேருந்தின் முன்னால் மல்லாந்து படுத்துவிட்டான். "ஏத்துடி பாப்போம்!"

ஏற்றிவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. பிரேக்கின் மேலிருந்த கால் மெல்ல விலகத் தொடங்கியது. அந்தக் காலுக்குப் பயந்தே இன்ஜினை அணைத்தாள். பேருந்து பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

டிப்போ மேலாளர் பெலிஸியே மூச்சிரைக்க ஓடிவந்தார். "அணைக்காதீங்க மேடம்! போலீஸ் வந்துட்டிருக்கு. உங்கள மாதிரி நாலு பேரு போதும் எங்களுக்கு."

சாவியை உருவிக்கொண்டு செவரின் இறங்கினாள். "அந்தப் பயணியைச் சீண்டினதே நான்தான்னு மேலிடத்துல சொன்னது யாரு? நீங்கதானே?"

அவர் சாலைப் பக்கம் திரும்பி போலீஸ் வண்டியைத் தேடினார். ஒர்சினி எழுந்து, தூசியைத் தட்டியபடி கையை நீட்டினான். "சபாஷ்! வா, வந்து சாப்பிடு."

"உனக்காக நிறுத்தலடா. கையை எடு."

சொல்லிவிட்டு, கொழுந்துவிட்டு எரிந்த டயருக்குள் சாவியை வீசினாள். கைதட்டப் போனவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு எங்க வண்டியெல்லாம் எப்படிடி வெளிய போகும்?" என்று கத்தினான் ஒர்சினி. "உங்க வேலை போச்சு!" என்று கத்தினார் பெலிஸியே. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அடுத்த நிறுத்தத்தில் காய்கறிப் பைகளோடு காத்திருந்த ஒருத்தி சீருடையைப் பார்த்ததும் சீறினாள்: "தின்னுட்டுத் தூங்குற கூட்டம்! எப்பதான் பஸ் வரும்?"

"வராது. நடந்து போங்க. நானும் நடந்துதான் போறேன்."

சாவியை எரித்ததற்காக நிர்வாகம் நடத்திய விசாரணையன்று ஒர்சினியும் பெலிஸியேயும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். செவரின்மேல்தான் முழுத் தப்பும் என்று இருவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

வேலைநீக்க உத்தரவைக் கேட்டபின் அவள் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒத்துப்போயிருக்கீங்க," என்றாள். "நல்லா இருங்க."